வீட்டுக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு மாற்றுத்திறனாளி இளைஞர்களின் நிலையை ஆராய்வது எப்படி?

வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றின் தரவுக் கோப்பைத் திறந்தால் இப்படி ஒரு வரி கண்ணில் படலாம்: கொத்து (அருகருகே உள்ள வீடுகளின் தொகுதி) எண் 114, வீட்டு எண் 7, வரி எண் (வீட்டு உறுப்பினர் பட்டியலில் அவருடைய இடம்) 5, வயது 19, பெண், குடும்பத் தலைவருக்கு உறவு மகள், கேட்பதில் சிரமம் 3, பிறருடன் பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் 2, பள்ளிக்கு எப்போதாவது சென்றதுண்டா என்பதற்கு இல்லை, பதில் சொன்னவரின் வரி எண் 2. விளக்கத்துக்காக நான் அமைத்த வரிதான் இது. ஆனால் இதைப் போன்ற வரிகளைக் கொண்டுதான் நம் அட்டவணைகள் எல்லாம் உருவாகின்றன. இதில் கடைசி எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அந்த இளம்பெண்ணைப் பற்றிய தகவல் எதையும் அவரே சொல்லவில்லை. வரி எண் 2-க்குரிய வேறொருவர், பெரும்பாலும் தாயோ தந்தையோ, அவருக்காகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கேள்விக்கு, யார் வாயால், எந்த வயதினரைப் பற்றி வந்த பதில் என்பதை அறியாமல் போடப்படும் கணக்கு, எவ்வளவு நுட்பமான முறையில் போடப்பட்டாலும், தவறான இடத்தில் போய் நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கவலையைச் சுற்றியே அமைகிறது.

ஏதேனும் ஒரு புள்ளியியல் மென்பொருளில் எளிய அட்டவணை போடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வு மாணவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் தரவு சார்ந்த பணி செய்வோருக்கும் இது பயன்படும்.

முதல் படி: கேள்வியைக் குறுக்குங்கள்

"மாற்றுத்திறனாளி இளைஞர்களின் நிலை" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "20 முதல் 24 வயதுக்குள், நடப்பதில் மிகுந்த சிரமம் உள்ளவர்களில் மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள் எத்தனை விழுக்காடு, அதே வயதில் அச்சிரமம் இல்லாதவர்களில் எத்தனை விழுக்காடு" என்பது கேள்வி. வயது, சிரமத்தின் வகை, அளவிடப்படும் விளைவு, ஒப்பிடப்படும் குழு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் தரவுக்குள் இறங்கிய பிறகு வழி தவறும்.

வயதைப் பொறுத்தவரை ஐக்கிய நாடுகள் அவை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வரையுள்ளவர்களையே இளைஞர்கள் என்று கொள்கிறது. பல நாடுகள் மேல் எல்லையை 29 அல்லது அதற்கும் அப்பால் வைத்திருக்கின்றன. எந்த எல்லையை எடுத்தாலும் குற்றமில்லை. ஆனால் கல்வியைப் பற்றிப் பேசும்போது 15 வயதினரையும் 24 வயதினரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒருவர் இன்னும் பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் இருக்கிறார். மற்றவர் படிப்பை முடித்திருக்க வேண்டிய வயதில் இருக்கிறார்.

இரண்டாம் படி: வினாப்பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்

தரவுக் கோப்பைப் பதிவிறக்குவதற்கு முன்பே வினாப்பட்டியலையும் களப்பணியாளர் கையேட்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாரேனும் உண்டா?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்ட கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கும் எண்ணிக்கை, உண்மையைவிடப் பெரிதும் குறைவாகவே இருக்கும். வெட்கம், பயம், திருமணப் பேச்சு பாதிக்கப்படுமோ என்ற தயக்கம் ஆகியவை ஒரு பக்கம். "இதெல்லாம் அந்த அளவுக்கு இல்லை" என்று இயல்பாகவே எண்ணிவிடும் மனம் இன்னொரு பக்கம். பேர் சொல்லிக் கேட்டால் பேரை மறுப்பார்கள். செயலைக் கேட்டால் செயலைச் சொல்வார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் உருவான வாஷிங்டன் குழு, ஆறு கேள்விகள் கொண்ட குறுந்தொகுப்பு ஒன்றை வகுத்தது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில், செவித்துணைக் கருவி பயன்படுத்தியும் கேட்பதில், நடப்பதில் அல்லது படி ஏறுவதில், நினைவில் வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுத்துவது போன்ற தன்பராமரிப்பில், வழக்கமாகப் பேசும் மொழியில் பிறரைப் புரிந்துகொள்வதில் அல்லது பிறருக்குப் புரியவைப்பதில் சிரமம் உண்டா என்பவையே அவை. சிரமமே இல்லை, சிறிது சிரமம், மிகுந்த சிரமம், செய்யவே முடியாது என ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஏதேனும் ஒரு செயலிலாவது "மிகுந்த சிரமம்" அல்லது "செய்யவே முடியாது" என்று பதில் வந்தால் அவரை மாற்றுத்திறனாளி என்று கொள்வது அக்குழு பரிந்துரைக்கும் எல்லை. "மாற்றுத்திறனாளி" என்ற சொல் கேள்விகளில் எங்குமே வராது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுப்பின் பலமே அதுதான்.

நாட்டுக்கு நாடு ஒப்பிடத்தக்க தரவு வேண்டுமென்றால் இரண்டு பெரிய திட்டங்கள் இருக்கின்றன. டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை மற்றும் உடல்நலக் கணக்கெடுப்பில் 2016-இல் மாற்றுத்திறன் பற்றிய விருப்பத் தொகுதி ஒன்று, அதாவது நாடுகள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கேள்விகள், சேர்க்கப்பட்டது. அதில் வீட்டு வினாப்பட்டியலுக்குப் பதில் சொல்பவர் ஒருவரே, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரைப் பற்றியும் சொல்லிவிடுவார். யூனிசெஃப் ஆதரவில் நடக்கும் எம்ஐசிஎஸ் எனப்படும் பல்குறியீட்டுக் கொத்துக் கணக்கெடுப்பின் ஆறாம் சுற்றில் அமைப்பே வேறு. 17 வயது வரை, தாய் அல்லது முதன்மைப் பராமரிப்பாளர் பதில் சொல்லும் குழந்தைச் செயல்பாட்டுத் தொகுதி. 18 முதல் 49 வரை, ஆண் பெண் இருபாலரும் தமக்குத் தாமே பதில் சொல்லும் பெரியவர் தொகுதி. இவை தவிர வேலைவாய்ப்பு, வாழ்க்கைத்தரம் குறித்த பல தேசியக் கணக்கெடுப்புகளும் இந்த ஆறு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டுள்ளன. சில கணக்கெடுப்புகள் கேள்வியை எடுத்துக்கொண்டு விடைகளை "ஆம், இல்லை" என்று சுருக்கிவிடும். அப்படிச் செய்திருந்தால் பரிந்துரைக்கப்பட்ட எல்லையை நீங்கள் மீட்டெடுக்க வழியில்லை. அதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாமல் விடுவதே நேர்மை.

மூன்றாம் படி: 17-க்கும் 18-க்கும் இடையிலுள்ள தையல்

இளைஞர்களை ஆராய்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

எம்ஐசிஎஸ் தரவில் 15 முதல் 24 வரை ஒவ்வொரு வயதுக்கும் மாற்றுத்திறன் விகிதத்தைக் கணக்கிட்டு ஒரு கோடாக வரைந்து பாருங்கள். 17-இல் ஓரளவு உயரத்தில் இருக்கும் கோடு 18-இல் படியிறங்கியதுபோல் விழுந்தால், பிறந்தநாளன்று யாருக்கும் குணமாகிவிடவில்லை; அளவுகோல் மாறிவிட்டது. வாஷிங்டன் குழுவும் யூனிசெஃபும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட குழந்தைச் செயல்பாட்டுத் தொகுதியில் 5 முதல் 17 வயது வரை 13 செயல்பாடுகள் உண்டு. பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றோடு கற்றல், மாற்றத்தை ஏற்றல், நடத்தையைக் கட்டுப்படுத்தல், நட்புக் கொள்ளல், பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் அதில் அடங்கும். பதற்றமும் மனச்சோர்வும் சிரமத்தின் அளவைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. எவ்வளவு அடிக்கடி என்று கேட்கப்பட்டு, "தினமும்" என்றால் மட்டுமே எல்லைக்குள் வரும். பல நாடுகளில் மொத்த விகிதத்தின் கணிசமான பங்கு இவ்விரண்டிலிருந்தே வருகிறது. 18 வயதில் ஆறு கேள்விகள் மட்டுமே இருப்பதால் அந்தப் பங்கு அப்படியே மறைந்துபோகிறது. கூடவே, தாய் சொன்ன பதிலின் இடத்தில் தானே சொன்ன பதில் வந்து உட்காருகிறது.

இதற்கு இரண்டு வழிகள். 15 முதல் 17 வரை ஒரு அட்டவணை, 18 முதல் 24 வரை வேறொரு அட்டவணை என்று பிரித்துவிட்டு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எழுதிவிடுவது ஒன்று. இரு தொகுதிகளுக்கும் பொதுவான செயல்பாடுகளை மட்டும் எடுத்து, குழந்தைத் தொகுதியில் தனித்தனியாக உள்ள நினைவையும் கவனத்தையும் ஒன்றாக இணைத்து, ஆறு செயல்பாடுகள் கொண்ட ஒரே அளவை உருவாக்குவது இன்னொன்று. இரண்டாம் வழியிலும் பதில் சொல்பவர் மாறும் சிக்கல் தீராது. ஆனாலும் விழும் படியின் உயரம் குறையும். நான் முதல் வழியையே விரும்புவேன். மனநலம் சார்ந்த சிரமங்களை, ஒப்பீட்டு வசதிக்காக 17 வயதுப் பிள்ளைகளின் கணக்கிலிருந்து நீக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான்காம் படி: தரவுக்குள் வராதவர்களைத் தேடுங்கள்

வீட்டுக் கணக்கெடுப்பு வீட்டை மட்டுமே எண்ணும். விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளிகள், காப்பகங்கள், மனநல மருத்துவமனைகள், சிறைகள், தெருவோரங்கள் ஆகியவற்றில் வாழ்பவர்கள் மாதிரியில் சேரவே மாட்டார்கள். இளைஞர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். செவித்திறன் குறைந்த பிள்ளையை வெளியூர் உறைவிடப் பள்ளியில் சேர்த்த குடும்பத்தில், வழக்கமாக வீட்டில் வசிப்பவர்களின் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் இடம்பெறாமல் போகலாம். கல்வி பெறும் வாய்ப்புக் கிடைத்தவரே தரவிலிருந்து நீங்கிவிட, வீட்டிலேயே இருக்க நேர்ந்தவர் மட்டும் எஞ்சுகிறார். அப்போது பள்ளிக்குச் செல்வோர் விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இன்னொரு மறைவு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தனிநபர் நேர்காணலின் முடிவைப் பதியும் இடத்தில் "நேர்காணல் முடிந்தது", "வீட்டில் இல்லை", "மறுத்தார்" என்பவற்றோடு "பதிலளிக்க இயலாத நிலையில் உள்ளார்" என்றொரு குறியீடும் இருக்கும். எம்ஐசிஎஸ், டிஎச்எஸ் இரண்டிலும் உண்டு. சைகை மொழியில் பேசும் இளைஞரையும், அறிவுசார் குறைபாடு உள்ள இளம்பெண்ணையும், பேச உதவி கிடைத்திருந்தால் நிச்சயம் பதிலளித்திருக்கக்கூடிய பலரையும் அந்த ஒரு குறியீடு வெளியே தள்ளிவிடுகிறது. தமக்குத் தாமே பதில் சொல்லும் தொகுதியில், நேர்காணல் நடக்காதவருக்கு மாற்றுத்திறன் பற்றிய பதிலே கிடையாது. ஆகவே மிகக் கடுமையான சிரமம் உள்ளவர்களே எண்ணிக்கையிலிருந்து முதலில் விழுகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். டிஎச்எஸ் தரவில் மாற்றுத்திறன் கேள்விகள் வீட்டு வினாப்பட்டியலிலேயே இருப்பதால், சிரமம் உள்ள 15 முதல் 24 வயதினரில் எத்தனை பேருக்குத் தனிநபர் நேர்காணல் முடிந்தது, சிரமம் இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு முடிந்தது என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், தனிநபர் கோப்பிலிருந்து எடுக்கும் எந்த முடிவையும் அந்த இடைவெளியைச் சொல்லாமல் வெளியிடாதீர்கள். இந்த அட்டவணையைப் போடுவதற்குப் பத்து நிமிடம் போதும். போட்டவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

ஐந்தாம் படி: மாறியை உருவாக்குதல்

கோப்புகளை இணைக்கும்போது கொத்து எண், வீட்டு எண், வரி எண் மூன்றையும் சேர்த்தே அடையாளமாகக் கொள்ளுங்கள். இணைத்த பின், இரு கோப்புகளிலும் வயதும் பாலினமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்; பொருந்தாத வரிகள் சிலவாவது இருக்கும்.

ஆறு கேள்விகளுக்கும் 1 (சிரமமே இல்லை) முதல் 4 (செய்யவே முடியாது) வரை விடை இருக்கும். 8, 9 போன்ற எண்கள் "தெரியாது", "பதிலில்லை" என்பவற்றைக் குறிக்கும். 3-க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் மாற்றுத்திறனாளி என்று மென்பொருளிடம் சொன்னால் 8-உம் 9-உம் கூட உள்ளே நுழைந்துவிடும். எப்போதும் "3 அல்லது 4" என்றே எழுதுங்கள். ஆறில் ஒன்றிலாவது 3 அல்லது 4 இருந்தால் 1, ஆறுக்கும் பதில் இருந்து எதிலும் 3 அல்லது 4 இல்லையென்றால் 0, மற்றவை விடுபட்டவை. பார்ப்பதிலும் கேட்பதிலும் கண்ணாடி, கருவி பற்றிய முன்கேள்வி இருந்தால், கண்ணாடி அணிபவருக்கு "அணிந்தும்" என்ற கேள்வியின் விடையையும் அணியாதவருக்குச் சாதாரணக் கேள்வியின் விடையையும் எடுத்து ஒரே மாறியாக்க வேண்டும்.

இந்த ஒற்றை மாறியோடு நின்றுவிடாதீர்கள். "சிறிது சிரமம்" உள்ளவர்களைத் தனி வகையாக வைத்து மூன்று படிநிலை கொண்ட இன்னொரு மாறியும், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தனித்தனி மாறியும் செய்துகொள்ளுங்கள். பார்வைச் சிரமம் உள்ள இளைஞருக்குப் பள்ளி மூடிவைக்கும் கதவும், நினைவில் வைப்பதில் சிரமம் உள்ளவருக்கு அது மூடிவைக்கும் கதவும் வெவ்வேறு.

ஆறாம் படி: எடையும் மாதிரி அமைப்பும்

எடை என்பது, மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எவ்வளவு பங்கைக் குறிக்கிறார் என்று காட்டும் எண். எடையிடாத விழுக்காடு எந்த நாட்டையும் குறிக்காது. டிஎச்எஸ் கோப்பில் எடை, தசமப் புள்ளி இல்லாமல் பதிவாகியிருக்கும். அதை 10 இலட்சத்தால் வகுக்க வேண்டும். எம்ஐசிஎஸ் கணக்கெடுப்பில் வீட்டுக்கு 5 முதல் 17 வயதுக்குள் ஒரே ஒரு பிள்ளை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால், அதற்கென்று உள்ள தனி எடையைப் பயன்படுத்தாவிட்டால் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் குறைவாக எண்ணப்படுவார்கள். எடையோடு கொத்தையும், அடுக்கையும் (மாதிரி எடுக்கும் முன் நாட்டைப் பிரித்த பகுதிகள்) மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இளைஞர்களை மட்டும் ஆராயப்போகிறோம் என்று மற்ற வரிகளை அழித்துவிட்டுத் தொடங்குவது பலரின் வழக்கம். அழித்துவிட்டால் சில கொத்துகள் முழுமையாக மறைந்து, திட்டப்பிழை (மாதிரியால் மதிப்பீட்டில் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) தவறாகக் கணக்கிடப்படும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டே உட்குழுவாகக் கணக்கிடுங்கள். ஸ்டேட்டா மென்பொருளில் அதற்கென்றே உட்குழுத் தெரிவு உண்டு. ஆர் மென்பொருளின் சர்வே தொகுப்பில் மாதிரி அமைப்பை முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு உட்குழுவைப் பிரிக்க வேண்டும்.

ஏழாம் படி: எண்ணிக்கை தாங்குமா?

10,000 வீடுகள் கொண்ட கணக்கெடுப்பு பெரியதுதான். வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 40,000 பேர். அவர்களில் 18 விழுக்காட்டினர் 15 முதல் 24 வயதினர் என்றால் 7,200 பேர். அவர்களில் 2 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட எல்லைக்குள் வந்தால் 144 பேர். அந்த 144 பேரில் 40 விழுக்காட்டினர் படிக்கவோ வேலை செய்யவோ இல்லை என்று கணக்கு வந்தால், வடிவமைப்பு விளைவை (கொத்துகளாக மாதிரி எடுப்பதால் பிழை பெருகும் அளவு) 1.5 என்று கொள்ளும்போது, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) ஏறக்குறைய 30 முதல் 50 வரை விரியும். ஆண், பெண் என்று பிரித்தால் பாதி. அதையும் செயல்பாட்டுவாரியாகப் பிரித்தால் சில கட்டங்களில் ஏழெட்டுப் பேரே இருக்கலாம். டிஎச்எஸ் அறிக்கைகளில் 25-க்கும் குறைவான பேரைக் கொண்ட கட்டத்தில் எண்ணுக்குப் பதில் உடுக்குறி (*) இடுகிறார்கள். 25 முதல் 49 வரை என்றால் எண்ணை அடைப்புக்குறிக்குள் தருகிறார்கள். நீங்களும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

எண்ணிக்கை போதாதபோது, ஒரே கேள்விகளைக் கொண்ட அடுத்தடுத்த சுற்றுகளைச் சேர்க்கலாம். வயது எல்லையை 29 வரை நீட்டலாம். "சிறிது சிரமம்" உள்ளவர்களையும் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் வேண்டாம். அது எண்ணிக்கையைப் பல மடங்காக்கும். ஆனால் கண்ணாடியால் ஓரளவு சமாளிப்பவரும் நடக்கவே முடியாதவரும் ஒரே குழுவாகி, நீங்கள் தேடிய வேறுபாடு கரைந்துவிடும்.

எட்டாம் படி: ஒப்பிடுதல்

மாற்றுத்திறனாளிகளை மொத்த மக்களோடு ஒப்பிடக் கூடாது. அதே வயதில், அதே பகுதியில், சிரமம் இல்லாதவர்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே வீட்டில் உள்ள உடன்பிறந்தோரை ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. பெற்றோரின் கல்வி, வருமானம், ஊர் எல்லாம் ஒன்றாக இருக்க, சிரமம் இல்லாத அண்ணன் பள்ளிக்குப் போய், சிரமம் உள்ள தங்கை போகவில்லை என்றால், வறுமையை மட்டும் காரணம் காட்டிவிட்டுப் போக முடியாது.

வீட்டிலுள்ள பொருள்களையும் வசதிகளையும் கொண்டு கணக்கிடப்படும் செல்வக் குறியீட்டைக் கையாள்வதில் கவனம் தேவை. அது வீட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. 24 வயதில் சிலர் திருமணமாகித் தனிக்குடித்தனம் போயிருப்பார்கள். மாற்றுத்திறனாளி இளைஞர்கள் பெற்றோர் வீட்டிலேயே தங்குவது கூடுதல் என்றால், இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வீட்டின் பொருள்களை, புதிதாகத் தொடங்கிய குடித்தனத்தின் பொருள்களோடு ஒப்பிடுகிறோம். முடிவில் மாற்றுத்திறனாளிகள் வசதியானவர்கள் என்பதுபோல் ஒரு தோற்றம் வரக்கூடும். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற மாறியைக் கொண்டு, பெற்றோருடன் வாழ்பவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அதோடு, மருத்துவம், பயணம், துணைக்கு ஆள் என்று ஆகும் கூடுதல் செலவை இந்தக் குறியீடு கணக்கில் எடுப்பதே இல்லை.

காரணம் பற்றிப் பேசும்போது ஒரே காலத்தில் எடுத்த தரவின் எல்லையை மறக்கக் கூடாது. சிரமம் இருந்ததால் பள்ளி நின்றதா, பள்ளி நின்று ஆபத்தான வேலைக்குப் போனதால் சிரமம் வந்ததா என்பதைச் சிரமம் தொடங்கிய வயது தெரியாமல் சொல்ல முடியாது. அந்த வயதைக் கேட்ட கணக்கெடுப்பு கிடைத்தால், பள்ளி வயதுக்கு முன்பே சிரமம் தொடங்கியவர்களைப் பிரித்து எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதலும் காத்தலும்

ஒவ்வொரு விழுக்காட்டோடும் எடையிடாத எண்ணிக்கையும் நம்பிக்கை இடைவெளியும் இருக்க வேண்டும். கேள்வியின் முழு வாசகம், பயன்படுத்திய எல்லை, பதில் சொன்னவர் யார், நேர்காணல் நடக்காதவர்களின் பங்கு ஆகியவை அட்டவணைக்குக் கீழேயே இருக்கட்டும். பின்னிணைப்பில் தள்ளினால் யாரும் படிப்பதில்லை. "மாற்றுத்திறனால் கல்வி இழந்தவர்கள்" என்று எழுதுவதற்கும் "பள்ளியில் சேர்க்கப்படாத மாற்றுத்திறனாளிகள்" என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை எழுதுபவர் உணர வேண்டும். முதல் தொடர் பழியை அந்த இளைஞரின் உடல்மேல் போடுகிறது.

2006-இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, நாடுகள் இத்தகைய புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும் என்பதோடு அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்றும், வெளியிடுவதை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சிறிய மாவட்டம், குறிப்பிட்ட வயது, அரிதான சிரமம் மூன்றும் சேர்ந்தால் பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் காணலாம். அப்படிப்பட்ட கட்டங்களை மூடிவிடுங்கள். கோப்பைப் பெறும்போது கையெழுத்திட்ட நிபந்தனைகளின்படி பிறருக்கு அதை அனுப்பாதீர்கள். அறிக்கையின் அட்டவணைகளைத் திரைவாசிப்பான் படிக்கும் வடிவில், படமாக ஒட்டாமல் கொடுங்கள்.

வரைவு முடிந்ததும், வெளியிடுவதற்கு முன்பு, மாற்றுத்திறனாளி இளைஞர்கள் சிலரிடம் அட்டவணைகளைக் காட்டி, ஆறு கேள்விகளையும் அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். அதே கேள்விகளை அவர்களைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் தனியே கேளுங்கள், அந்த இளைஞரின் சம்மதத்தோடு. இரண்டு விடைகளும் எங்கே விலகுகின்றன என்று குறித்து வையுங்கள். தரவுக் கோப்பில் "பதில் சொன்னவரின் வரி எண் 2" என்று இருக்கும் ஒவ்வொரு வரியையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் நேரடிக் குறிப்பு அதுதான்.